குடைக்கம்பியில் மூச்சு வாங்கிய எஞ்சின்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஜாசினில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். விமானம் ஓட்டப் படித்து லைசென்சும் வாங்கியிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை எஞ்சின் இல்லாமல் வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை நாங்கள் ஹாஃப் கட் என்போம். அப்படி ஒன்றிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சின் அவரிடம் இருந்தது. அதில் பிஸ்டன் கிடையாது; முக்கோணத் துண்டுகள் இரண்டு உள்ளே சுழலும். எடை குறைவு.

"பிளேனுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றார்.

ஆயர் குரோ என்ற ஊரில் ஒரு பேக்டரியில் நான் வெல்டராக இருந்தேன். வேறென்ன, என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவர் வசமாயின.

எஞ்சினையும், விமானத்தின் மூக்கில் சுழலும் மர விசிறியையும் நான்கு சக்கர வண்டி ஒன்றில் பொருத்தி, எஸ்டேட் பந்துத் திடலுக்கு இழுத்துப் போவோம். வண்டியின் பின்பக்கத்தைக் கயிற்றால் ஒரு செம்பனை மரத்தோடு, அதாவது எண்ணெய்ப் பனையோடு, கட்டி, கயிற்றின் நடுவில் பெரிய சுருள்வில் தராசு ஒன்றை மாட்டுவோம். விசிறி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அது காட்டும். முள்ளைப் படிப்பது என் மனைவி. இழுத்தால் எஞ்சின் வேகம் கூடும் திராட்டில் கேபிளைப் பிடிப்பது நான்.

சத்தம் காதைப் பிளந்தது. இழுவைதான் இல்லை.

எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் குழாயில்தான் கோளாறு என்றார் மச்சான். எஞ்சினின் ஒரு வாய் அடைபடும்போது ஓடிவந்த காற்று முட்டி, எதிரொலி போலக் குழாயில் திரும்பும். அடுத்த வாய் திறக்கும் நேரத்துக்குச் சரியாக அது வந்து சேர்ந்தால், கூடுதல் காற்றைத் தள்ளிவிடும். குழாயின் நீளம்தான் அந்த நேரத்தை முடிவு செய்கிறது. இவ்வளவு சொன்னவர், எவ்வளவு நீளம் என்பதை மட்டும் ஊகத்துக்கு விட்டுவிட்டார்.

"கட்டையா வெட்டுனா காத்து சீக்கிரம் போகும்லா" என்றார். வெட்டினேன். இழுவை குறைந்தது. இன்னும் வெட்டச் சொன்னார். இன்னும் குறைந்தது.

"அண்ணே, முள்ளு கீழ போவுது" என்றாள் என் மனைவி.

"தராசு ரோசாக் ஆயிருக்கும்."

"தராசு நல்லாதான் இருக்கு. நீங்க தப்பான பக்கம் போறீங்க. நீட்டிப் பாருங்களேன்."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு காலையில் பசியாறிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "நீட்டணும்னா குழாய்க்கு எங்க போறது?" என்று கேட்டார், ஏதோ அவருக்கே தோன்றிய யோசனை மாதிரி.

வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் விடியாது என்றாள் என் மனைவி. ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்து நகர்கிற மாதிரி இருந்தால், வேண்டிய நீளத்துக்கு இழுத்துக் கிளிப் போட்டுக்கொள்ளலாம். கடைகடையாக அலைந்தோம். கடைசியில் கிளேபாங் ரோட்டோரத்தில் செண்டோல் குடிக்க நின்றபோது, கடைக்காரர் மூலையில் போட்டிருந்த உடைந்த பெரிய குடைகள் கண்ணில் பட்டன. நடுக்கம்பிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள். அளவு கச்சிதம். ஆளுக்கு இரண்டு செண்டோல் குடித்துவிட்டுக் கேட்டு வாங்கி வந்தோம்.

அன்று மாலையே அவற்றை இன்டேக்கில் பொருத்திக்கொண்டு திடலுக்குப் போனோம். விரல் நீளம் நீட்டினோம், முள் ஏறியது. இன்னும் நீட்டினோம், இன்னும் ஏறியது. நான்காவது முறை எஞ்சினின் குரலே மாறிவிட்டது. கரகரப்பு போய், அடிவயிற்றிலிருந்து பாடுவதுபோல ஒரே சுருதியில் நின்றது. தராசின் கொக்கி மெல்ல நிமிர்வதை என் மனைவிதான் பார்த்தாள்.

"விடுங்க, கேபிள விடுங்க!"

கொக்கி கழன்றது. வண்டி பாய்ந்தது. கேபிள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதால் எஞ்சின் தானாகவே தணிந்தது. ஆனாலும் வந்த வேகத்தில் வண்டி திடலைக் கடந்து நேராக கோல் வலைக்குள் போய் நின்றது. வலை சுற்றிக்கொண்டு மர விசிறி சில்லுச் சில்லாகத் தெறித்தது. நல்லவேளை, திடலில் வேறு யாருமில்லை.

பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு வந்த விசிறி அது. மச்சான் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"முள்ளு எங்க இருந்துச்சு?" என்று தங்கையிடம் கேட்டார்.

"கடைசிக் கோட்டையும் தாண்டிருச்சுண்ணே."

அவர் மல்லாந்து படுத்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். கோல் வலையைப் பிரித்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது.

புது விசிறி, சோதனைகள், அனுமதி எல்லாம் முடிந்து விமானம் ஒரு காலையில் கிளம்பியது. முதலில் மச்சான் தனியாக ஒரு சுற்று சுற்றி இறங்கினார். பிறகு பக்கத்து இருக்கையைக் காட்டி, "வா மாப்ள" என்றார். நான் வெளியே நின்றபடியே இருக்கை பெல்ட்டைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினேன். என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நவுருங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"செம்பனை எல்லாம் தலை சீவி விட்ட மாதிரி வரிசையா இருக்குங்க" என்றாள். "நீங்களும் ஒரு தடவ போய்ட்டு வாங்களேன்."

போனேன். பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன்.