சோப்பு நுரை என்று நினைத்தேன்

எட்டு மாதம் நான் சோப்புத்தூளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கழிவறையைத் தினமும் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது என் மகள் மோனிஷா. காலையில் நான் போனால் சிறுநீர் நுரைத்து நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அடங்காது. "சரியா அலசிட்டு வாடின்னா கேக்கறியா?" என்று அவளைத் திட்டுவேன். பாவம், இன்னும் இரண்டு வாளி ஊற்றுவாள். என் கணவர், "அந்த சோப்பையே துணிக்கும் போடு, நல்லா வெளுக்கும்" என்று கேலி செய்வார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஸ்ரீராம்புரத்தில் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சர்க்கரை பதினோரு வருடமாக இருக்கிறது. நுரை என்றால் சிறுநீரில் புரதம் போவதாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சோப்பைத்தான் திட்டியிருப்பேன். எனக்குப் பயம் அதிகம். சாக்கு ஒன்று கிடைத்தால் விடமாட்டேன்.

கால் வீங்கி, செருப்பு ஏறாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அல்புமின் (ரத்தத்திலேயே இருக்கவேண்டிய புரதம்) சிறுநீரில் ஒழுகுகிறது என்றார்கள். கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு) ஏறியிருந்தது. டாக்டரம்மா கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார்.

"உங்க வீட்டில யாருக்காவது கிட்னி பிராப்ளம் இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல மேடம். அப்பாவும் அவருகூடப் பொறந்த அத்தையும் நீர் கோத்துக்கிட்டுத்தான் போனாங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த நீர் ஏம்மா கோத்துச்சு?"

அத்தையின் ஜாக்கெட் ஞாபகம் வந்தது. கடைசி வருடம் மாதா மாதம், கை பிடிக்கிறது என்று கொண்டுவருவார். உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்துப் பிரித்து நான்தான் அகலம் விட்டேன். "நம்ம வாகு அப்படிடி. பச்சத்தண்ணி குடிச்சாலும் உடம்பு வெச்சிடும்" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். சதை என்று நினைத்து நீரை அளந்திருக்கிறேன்.

"குண்டாகிற தன்மை, சர்க்கரை, கிட்னி கெடறது, மூணும் ஒரே குடும்பத்தில சேர்ந்து இறங்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு ஜீன் (பெற்றவர்களிடமிருந்து வரும் மரபுக்கூறு) இல்ல. நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் சொல்ப சொல்ப, கொஞ்சம் கொஞ்சமா தள்ளும். எடை கூடினா அதுவே கிட்னிக்கு பாரம். ஆனா அந்த உடம்பு வாகு வந்தா வியாதியும் கட்டாயம் வரும்னு இல்ல. எடை, சர்க்கரை, பிபி மூணையும் பிடிச்சா நிறைய பேருக்குத் தள்ளிப்போகும், வராமலும் போகும். பசங்க இருக்காங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டை எடுத்தேன். என் கல்யாண ஜாக்கெட்டின் அளவும், போன தீபாவளிக்கு மோனிஷாவுக்குத் தைத்ததும் அரை இஞ்ச் கூட மாறவில்லை. கல்யாணத்தில் எனக்கு வயது இருபத்து மூன்று, அவளுக்கும் இப்போது அதேதான். அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்த காலம் உண்டு.

டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். "உன் வியாதிய எனக்கு அளவெடுத்துத் தைக்காதம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு வாரம் கெஞ்சினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

உப்பைக் குறைத்தேன். மாத்திரை மாறியது. காலையில் நடக்கிறேன், ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. கிரியேட்டினின் ஏறாமல் நிற்கிறது, இறங்கவில்லை. கழிவறையை இப்போது நானே வெறும் தண்ணீரில் தேய்க்கிறேன். நுரை வந்தால் அது என்னுடையது என்று தெரிய வேண்டுமே.

இன்று காலை மோனிஷா கழிவறையிலிருந்து வந்து ஈரக் கையோடு நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ம்மா, இன்னிக்கு சோப்புத்தூள் போட்டியா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள், நானும்தான்.

"இல்லடி" என்றேன். "செருப்ப மாட்டு."

இதை லேப் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிறுநீர் டப்பாவை உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள். வேகமாகப் போனாலும் நுரை வரும், எல்லா நுரையும் நோய் இல்லை என்று டாக்டரம்மா முன்பு சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிறவர்களும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் டெஸ்ட் எடுத்த பிறகு.

என் உடம்பு எங்கே முடிந்து அவள் உடம்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இப்போது பிடிபடவில்லை. அத்தையின் கடைசி வருடம் முடிந்துபோனதாகவும் தோன்றவில்லை.

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால், நீர் இருந்தால் குழி நிற்கும். என் காலில் பத்து எண்ணும்வரை நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோனிஷா, சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிக் காலை என் பக்கம் நீட்டினாள்.

விரலை வைத்து அழுத்தினேன். எடுக்க மனம் வரவில்லை.