திருப்பாமல் வைத்த அரபி ஷீட்

திரைத்துணியில் அரபி எழுத்து விழுந்ததும் கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். ஒரு தும்மல்தான் வந்தது.

தொண்ணூறுகளில் துபாயில் ஓர் இந்தியப் பள்ளி. விசிட் விசாவில் வந்து, ஓவிய ஆசிரியராகச் சோதனைக்காலத்தில் இருந்தேன். ஓவியம், நிழல், நடனம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் கிறுக்கு எனக்கு. ஆண்டு விழாவுக்கு நிழல் நிகழ்ச்சி போடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பிரின்சிபல் மேடம் பாளையங்கோட்டைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மினிஸ்ட்ரிலேருந்து ஆள் வாராரு சார். நல்லா வந்துச்சுன்னா வேலை விசா போட்டிருதேன். சொதப்புனீங்கன்னா ஊருக்கு டிக்கெட்."

துணிக்கு முன்னால் கூட்டம், பின்னால் நானும், பிளாஸ்டிக் ஷீட்டில் எழுதியதைப் பெரிதாக்கிக் காட்டும் ஓஹெச்பி விளக்கும். பின்னாலிருந்து ஒளி விட்டால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதனால் ஷீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். இங்கிலீஷ் ஷீட்டை அப்படித்தான் வைத்தேன். அரபி வரவேற்பு வரி அன்று காலைதான் கைக்கு வந்தது. எழுதித் தந்தவர் அரபி வாத்தியார். காயல்பட்டினத்துக்காரர்; அவர் ஊர்ப் பேச்சில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எங்களுக்கெல்லாம் காக்கா. அந்த ஷீட்டை எடுத்தபோது என் மூளை வேலை செய்தது பாருங்கள்: அரபியே வலமிருந்து இடம் போகிறது. ஏற்கெனவே திரும்பியிருப்பதை நாம் வேறு எதற்குத் திருப்ப வேண்டும்?

காக்கா மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தார்.

"என்ன சார் இது! கண்ணாடில பாக்குற மாதிரி தெரியுது. மினிஸ்ட்ரிக்காரரு கழுத்தை ஒடிச்சுப் படிக்கிறாரு!"

"அரபி அப்படித்தானே காக்கா?"

"எப்படித்தான்? திருப்பும்யா!"

அவசரத்தில் விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. எரியும் விளக்கிலேயே ஷீட்டை எடுக்கக் கையை விட்டேன். துணியில் என் ஐந்து விரலும் ஈச்சமர உயரத்துக்கு எழுந்து, எழுத்தைக் கிள்ளி, நழுவவிட்டு, மறுபடி பொறுக்கி, புரட்டி வைத்தன. அரங்கம் அதிர்ந்தது. அத்தனையும் கைதட்டல்!

நிகழ்ச்சி முடிந்ததும் மேடம், "அந்தக் கை ஐடியா சூப்பர் சார்!" என்றார். தலையாட்டியிருப்பேன். அதற்குள் மினிஸ்ட்ரி விருந்தினரே வந்து அரபியில் ஏதோ கேட்டார்.

"வேணும்னே செஞ்சியளான்னு கேக்குறாரு," என்றார் காக்கா.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. மேடமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் திருப்பச் சொல்லி ஓடி வந்த காக்காவே நடுவில் நிற்கும்போது பொய் நிற்காது.

"தெரியாம வச்சிட்டேன்னு சொல்லுங்க காக்கா."

அதைக் கேட்டு விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்து, ஏதோ சொன்னார். காக்கா மொழிபெயர்த்தார்: "எத்தனையோ ஸ்கூல் விழாவுக்குப் போயிருக்காராம். வரவேற்பு வரியை எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சது இன்னைக்குத்தானாம்."

மேடம் சிரிக்கவில்லை. "நாளைக்கு பாஸ்போர்ட்டக் கொண்டாங்க."

"டிக்கெட்டுக்கா மேடம்?"

"விசாவுக்கு!"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: தெரியாத மொழியை மேடையேற்றும் முன், தெரிந்த ஒருவரைத் துணிக்கு முன்னால் உட்காரவையுங்கள். அப்படியும் தப்பு நடந்தால் விளக்கை அணைக்காதீர்கள். திருத்துவதையும் கூட்டம் பார்க்கட்டும்.