பரோட்டாக்காரரின் கேள்வி

டீயை மேசையில் வைத்த பிறகும் கோபால்சாமி நகர மாட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையோடு யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கோதும டெஸ்ட்டு எடுத்துட்டீங்களா?" பரோட்டாக் கடைக்காரர் கேட்கிற கேள்வியா இது என்று, ஜமுனாமரத்தூரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் விழிப்பார்கள்.

அவருடைய மகள் ரம்யாவும் அப்படிப் பிறந்தவள்தான். பதினோரு வயதில் ஆறு வயதுக்காரியின் உயரம். உப்பிய வயிறு, ஓயாத பேதி. "இந்த மாதிரி பசங்க இப்படித்தான்" என்று போன இடத்திலெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் கல்லிலிருந்து இறங்கும் முதல் பரோட்டாவைப் பிய்த்து, சர்க்கரை தூவி அவளுக்குக் கொடுத்த பிறகுதான் அவருக்கு வியாபாரம்.

போன வருஷம் மலையில் முகாம் போட்ட டாக்டர் புவனா, தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பார்த்துவிட வேண்டும் என்று ரத்தம் எடுத்தார். கோதுமையும் மைதாவும் குடலைப் புண்ணாக்குகிற சீலியாக் நோய் இவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்குமாம். ரம்யாவின் ரத்தத்தில் அதற்கான அறிகுறி தெரிந்தது. உறுதி செய்ய, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

"அதுவரைக்கும் பரோட்டாவ நிறுத்திடாதீங்க. நிறுத்தினா சோதனையில சரியா தெரியாது" என்றார் டாக்டர்.

"வெசம்னு தெரிஞ்சிக்கினே நானே குடுக்கணுமாம்மா?"

கொடுத்தார். பிய்க்கும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் துவண்டு கிடக்க, மனைவி அம்மாக்கண்ணு தட்டைப் பிடுங்கினாள். "இன்னா மனுசன்யா நீ?" கோபால்சாமி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, அளவைக் குறைத்து, மறுபடியும் அவரே ஊட்டினார்.

நோய் உறுதியானது. இப்போது ரம்யாவுக்குச் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி. தனி அடுப்பு, தனிச் சட்டி. பத்து மாதத்தில் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். பரோட்டா கேட்டு அழுகிற நாளும் உண்டு. கடையையே மூடிவிடலாமே என்று யாராவது கேட்டால், "கடைய மூடிட்டா வூட்ல அடுப்பு எரியணுமே" என்பார் கோபால்சாமி.

போன செவ்வாய்க்கிழமை படவேட்டிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த சாந்தம்மாள், டவுன் சிண்ட்ரோம் உள்ள நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தாள். அன்று மறுபடியும் முகாம். கோபால்சாமி தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எம் பொண்ணு நல்லாத்தான கீது. எதுக்குங்க ஊசி குத்திக்கினு?"

 கோபால்சாமி பாதி பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடினார். கையைக் கழுவினார். வண்டியைத் தள்ளிவந்து கடை வாசலில் முகாம் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பின்சீட்டைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு நின்றார்.