ஒஹாயோவில் ஜெயித்த ஆள்

பினாங்கு ஜெட்டியோரச் சாப்பாட்டுக் கடையில் நாலே பேர்: கடைக்கார காதர் அண்ணன், தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்து முத்தையா, அவர் மனைவி செல்லம்மா, ஊருக்குக் கப்பலேறப் போகும் நான். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடியும், ஊர் திரும்பக் கிடைத்த இலவசக் கப்பல் சீட்டை முத்தையா நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"டயர் செய்யுற ஒஹாயோவுல புது ஆளு ஜெயிச்சிட்டாரு தம்பி. அது சாயுற பக்கந்தான் அமெரிக்காவே சாயுமாம். இனி ரப்பர் விலை ஏறும்," என்கிறார்.

காதர் அண்ணன் பேப்பரை மறுபடி வாசிக்கிறார். "முத்தையா, இது கட்சிக்குள்ள ஆள் பொறுக்குற ஓட்டு. பிரசிடென்ட் ஓட்டு தீபாவளி கழிஞ்சுதான்."

"அதுவரைக்கும் என்னத்தத் தின்னுறது?" செல்லம்மா தட்டைத் தள்ளிவைக்கிறாள்.

நானும் முத்தையா மாதிரியே அது பிரசிடென்ட் ஓட்டு என்றுதான் நினைத்திருந்தேன். சட்டைப்பையில் என் சீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். கப்பல் ஊதுகிறது. முத்தையா இந்தக் கடைக்குத் தரவேண்டிய பாக்கி, பதினோரு வெள்ளி.