தீபம் காட்டும் நேரம் என்னால் எழும்ப முடியவில்லை

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதம். புலம்பெயர்ந்து வந்து ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் வாசற்படியில் என் முழங்கால் திடீரென்று மடிந்தது. கையில் பத்து மாதக் குழந்தை துளசி. நல்லவேளை, விழவில்லை, படியில் தொப்பென்று இருந்துவிட்டேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் அவளை இறுக்கிப் பிடித்தபடி காலைத் தடவிப் பார்த்தேன்.

அது களைப்பு அல்ல என்று எனக்குத் தெரியும். ஊரில் என் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் படி ஏறக் கஷ்டம், பிறகு தரையிலிருந்து எழும்பக் கஷ்டம், பிறகு சுவரைப் பிடித்து நடை. "அந்த வீட்டுப் பெண்ணுக்கு நடை சரியில்லை" என்று கதை பரவியதும், எதையும் வெளியில் காட்டாதே என்று அம்மா எனக்குச் சொல்லிவிட்டார். நானும் காட்டவில்லை. கணவர் கேட்டபோது பிள்ளை பெற்ற பலவீனம் என்றேன். உண்மையைச் சொன்னால் துளசியை என்னிடம் தனியே விட்டுவிட்டு ஹென்டர்சனுக்கு வேலைக்குப் போவாரா? என்னைத் தாய் என்று நம்புவாரா?

சாமிப் படத்தின் முன்னால் தினமும் அழுதேன். "முருகா, பிள்ளையை நான் விழுத்திவிடக் கூடாது. என் கால் இப்படி என்று ஒருவருக்கும் தெரியவும் கூடாது." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடிப் பூசை செய்வோம். எல்லோரும் விரிப்பில் சம்மணமிட்டு இருந்து பாடுவார்கள். பிள்ளை சிணுங்குகிறாள் என்று சொல்லி நான் மட்டும் கதவோரம் நிற்பேன். துளசி பெரும்பாலும் நல்ல நித்திரையில் இருப்பாள்.

ஒரு வெள்ளி, பாட்டுகளை முன்னின்று நடத்தும் சிவமலர் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, எங்களோட இருந்தா சீலை கசங்கிப் போகுமோ?"

பெண்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் போய் இருந்துவிட்டேன்.

தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். துளசியை விரிப்பில் கிடத்திவிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு தொடைகளைப் பிடித்துப் பிடித்து எழும்பப் பார்த்தேன். பாதியில் கால் விட்டு, அவளுக்குப் பக்கத்தில் விழுந்தேன். துளசி வீரிட்டாள். ஒருவரும் திரும்பக் கூடாது முருகா என்று கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது சிவமலர் அக்கா குனிந்து நின்றார்.

"பிள்ளையை என்னட்டைத் தா. எழும்ப ஏலாதோ? எவ்வளவு காலமா?"

"துளசி பிறந்த பிறகு... இல்லை அக்கா, அதுக்கு முந்தியே."

"அப்ப ஏனடி வாய் திறக்கேல்லை? நானும் விசரி மாதிரிப் பகிடி விட்டிட்டன்."

அவர் சொல்லித் தீபத் தட்டு என்னிடம் வந்தது. பூசை செய்த ஐயர் குனிந்து, இருந்த இடத்திலேயே எனக்குக் காட்டினார். சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோது அழுகை வந்தது.

காரில் கணவரிடம் சொன்னேன். என் அக்காவின் நடையை அவரும் கண்டவர்.

"உம்மட அக்கா மாதிரியோ?"

"ஓம்."

"தனியா இவ்வளவு நாளும் பிள்ளையைத் தூக்கித் திரிஞ்சிருக்கிறீர். என்னட்டைச் சொல்லியிருக்கலாம்." கோபம் அல்ல, குரல் உடைந்திருந்தது.

பிறகு வைத்தியர்கள், பரிசோதனைகள். பரம்பரையாக வரும் தசை நோய்தான். நோயைக் குணமாக்க மருந்து இல்லை என்றார்கள். ஆனால் நடக்கும்போது பிள்ளையைத் தூக்காமல், வீட்டுக்குள்ளும் தள்ளுவண்டியில் வைத்து அதன் பிடியைப் பிடித்து நடக்கச் சொல்லித் தந்தார்கள். படிக்குக் கைபிடி பூட்டினோம். அதன் பிறகு ஒருநாளும் நான் பிள்ளையோடு தடுமாறவில்லை. என் வகை நோய் தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளையைப் பிடிக்குமாம். கணவர் எங்களுக்குச் சொந்தம் இல்லாததால் துளசிக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். இருந்தும் அவள் தரையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் தொடையைப் பிடிக்கிறாளா என்று என் கண் அவள் கைகளைத்தான் பார்க்கிறது. இது நம்பிக்கைக் குறைவோ, தெரியவில்லை. அதையும் முருகனிடமே சொல்கிறேன்.

நான் கேட்ட இரண்டும் ஒன்றாக நடக்க முடியாதவை. மறைத்தபடி இருந்திருந்தால் ஒருநாள் பிள்ளையை விழுத்தியிருப்பேன். முருகன் எது முக்கியம் என்று பார்த்து, ஒன்றைத் தந்து மற்றதை மறுத்தான்.

இப்போது மண்டபத்தில் தரையில் இருக்க முடியாதவர்களுக்காகப் பக்கச் சுவரோடு கதிரைகள் போட்டிருக்கிறோம். முழங்கால் நோவை இத்தனை காலம் சொல்லாதிருந்த இரண்டு மூன்று பேரும் மெல்ல வந்து இருக்கிறார்கள். உங்களில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு கதவோரம் நின்று கும்பிட்டால், முருகனை நம்பி உள்ளே வாருங்கள். என் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக வைத்திருக்கிறேன்.