கல்லாவுக்கு இந்தப் பக்கம்

இருபது வருஷம் எஸ்டேட்டில் உழைத்த மாதையன், மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஏற்காடு பஜாரில் ஒரு புதுக்கடையின் வாசல் காவல் கிடைத்தது. சாமான்களை நாமே எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் கல்லாவில் பணம் கட்டும் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் மலைக்கே அது புதுசு. காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து மனுஷனுக்கு எல்லாருமே திருடராகத் தெரிந்தார்கள். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்?

அன்று வெள்ளக்கடை எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் பூவாயி ஒரு சோப்பை எடுத்து மடியில் செருகினாள். சந்தையில் எதை எடுத்தாலும் மடியில் போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். கடையில் கூடை இருப்பது எதற்கென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாதையன் பாய்ந்து கையைப் பிடித்து, "திருடி" என்று கூட்டம் கூடும்படி கத்திவிட்டார்.

ஒருத்தியை உள்ளே தள்ளினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்றார் கடைக்காரர். ஆனால் கேஸ் என்றால் சேலம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதற்கு அவருக்கு நேரமில்லையாம். ஆகவே புகாரை மாதையன் சொன்னதாக எழுதிக்கொண்டு, இருவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். பூவாயி சுவரோரம் நின்றாள். திருட்டுக் கேஸ் என்றால் எஸ்டேட் வேலையும் போகும், குடியிருக்கும் லைன் வீடும் போகும்.

மாதையனிடம் கைநாட்டு வாங்குமுன் ஸ்டேஷன் ரைட்டர் புகாரைப் படித்துக் காட்டினார்: "சோப்பை ஒளித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவளை மடக்கிப் பிடித்தேன்."

கைநாட்டு வைத்துவிட்டால் மாதையன் கோர்ட்டில் கூண்டேறி இதையே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால், இடுப்பு போனவனுக்கு வேறு வேலை எவன் தருவான்? கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது ஓடலீங்க," என்றார் மாதையன். "கல்லாவுக்கு இந்தப் பக்கம், வரிசையில நின்னுச்சுங்க. கையில நோட்டு வெச்சிருந்துச்சு. நாந்தான் அவசரப்பட்டுப் புடிச்சுப்போட்டனுங்க."

ரைட்டர் பேனாவை மூடிவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார். "பணம் கட்ட நின்னவளைப் புடிச்சுட்டு, அதுக்குக் கேஸ் வேறயா? பொய்ப் புகார் குடுத்தா உங்க மேலதான் கேஸ் வரும், தெரியுமில்ல?"

கடைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மாதையனை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் பஜாரில் காரணம் சொல்ல வேண்டுமே.

வெளியே வந்ததும் மாதையனுக்கு அப்பாடா என்றிருந்தது. தலையிலிருந்து காப்பி மூட்டையை இறக்கி வைத்தது போல உடம்பே லேசாகிவிட்டது. பூவாயி அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள்.

"மனசுல வெச்சுக்காத கண்ணு. ஊட்டுக்குப் போ சாமி," என்றார்.

"ஊட்டுக்கு அப்பறம் போறனுங்க. பஜாரே பாக்கத்தான கையைப் புடிச்சீங்க? இப்ப பஜாரே பாக்கக் கூட்டிட்டுப் போங்க. காசு குடுத்துச் சோப்பு வாங்கோணும்."

மாதையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "தப்பு எம்பேர்லதானுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.