வருஷம் திரும்பும் முன் அம்மா போய்வந்த சென்னை

அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த வெயிலிலும் இரண்டு பஸ் மாறி வந்து, அம்மாவின் படத்துக்குப் பூப்போட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கு அம்மாவின் ஒரே மகளான நான் கைகூப்பி எழுதுகிறேன்.

எழுதும்போதே ஒரு தடை வந்தது. முதலில் எழுதியதை அப்பாவின் அண்ணனான பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லாம் சரித்தா. அந்த மெட்ராசுப் பேச்ச மட்டும் எடுத்துரு. போய்ச் சேந்தவளுக்கு எதுக்கு அந்த அவச்சொல்லு?" என்றார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையில் பாதி அதுதான். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அம்மா பிறந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். எட்டாம் வகுப்பு வரை நடந்தே போய்ப் படித்தார். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவரைப் பருத்தி எடுக்க ஆள் பற்றவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இருபது வயதில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் இருந்தது, மழைதான் இல்லை. அதனால் அப்பா சென்னையில் ஒரு மெஸ்ஸில் புரோட்டா மாஸ்டராக வேலை பார்த்தார். தைப் பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வருவார். நாலு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த வெள்ளாமை எடுத்ததும் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டுறேன்" என்பார். எட்டு வருஷம் இதையே சொன்னார். வெள்ளாமை வீடு வந்தால்தானே!

எனக்கு ஆறு வயது நடக்கும்போது அப்பா அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடலை வண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை பார்த்தால் ஏங்கிப்போகும் என்று என்னைக் காரியாபட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்ததும் அப்பாவைக் கேட்டேன். பெரியப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பா மெட்ராசுக்குப் போயிருக்காகத்தா, வருவாக" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி நான் தினமும் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு வற்றிக்கொண்டே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அம்மா, "அப்பா செத்துப் போனாகத்தா, இனி வர மாட்டாக" என்று உள்ளதைச் சொன்னார். "நீ பொய் சொல்ற. பெரியப்பா பொய் சொல்ல மாட்டாக" என்று கத்தி, அம்மாவின் கையைக் கடித்துவிட்டேன்.

அம்மா கையை உதறிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "சரி, கெளம்பு. நேர்லயே போய்ப் பாப்போம்."

வீடு ரெண்டுபட்டது. வருஷம் திரும்பாத துக்க வீட்டிலிருந்து கோயிலுக்கே போகக் கூடாது. பெரியப்பா வாசலை மறித்து நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாச் சரி, கேசுக்குப் போறேன்னாச் சரி. தாலியறுத்து நாலு மாசம் ஆகல, பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறியா? நாலு பேரு காறித் துப்ப மாட்டாக?"

"பிள்ளைட்ட மெட்ராசுன்னு சொன்னது நீங்கதான அத்தான்? நீங்க சொன்ன ஊரத்தான் காட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினார். பருத்தி எடுத்த கூலி இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. யாரிடமும் கையேந்தவில்லை.

மதுரையிலிருந்து பகல் ரயில், முன்பதிவு இல்லாத பெட்டி. எதிர் சீட்டில் இருந்த அம்மாள், "இதுக்கெதுக்கு அரை டிக்கெட்டு எடுத்தீக? நாலு வயசுன்னு சொன்னா விட்டுருவாகளே" என்று வருத்தப்பட்டார். "ஒரு பொய்யில மாட்டித்தான்க்கா இம்புட்டுத் தூரம் வாரேன். இன்னொண்ணு வேணாம்" என்றார் அம்மா. ரயிலில் விற்றதில் எனக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு கொய்யாப்பழம். மற்றதெல்லாம் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

அந்தப் பைக்குத்தான் ஆபத்து வந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ போட்டு இடம்பிடிப்பது நமக்கெல்லாம் கைவந்த கலை. எழும்பூரில் இறங்கியதும் அம்மா அதையே செய்தார். டவுன் பஸ் வந்து நின்றது, ஜன்னல் வழியாகப் பையைச் சீட்டில் போட்டார். நம்மூர் பஸ் ஆள் ஏறி, மூட்டை ஏறி, கண்டக்டர் டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் நகரும். இந்தப் பஸ்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. அம்மா என்னை இடுக்கிக்கொண்டு படிக்கு ஓடுவதற்குள் அது கிளம்பிவிட்டது. மாற்றுச் சேலை, என் கவுன், இரண்டு நாளைக்குக் கட்டிய புளிச்சோறு எல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்க்கப் போய்விட்டன.

நான் ஓவென்று அழுதேன். "அழாத. பை முன்னாடி போயிருச்சு, நாம பின்னாடி போவோம்" என்றார் அம்மா. கேட்டுக் கேட்டு, பாதி நடந்து, பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மெஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் நேராக அடுப்படிக்கு ஓடினேன். தோசைக்கல்லுக்கு முன்னால் வேறொருவர் நின்று மாவு வீசிக்கொண்டிருந்தார். "எங்கப்பா எங்க?" என்று கேட்டேன். அவர் மாவை அப்படியே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்கண்ணே" என்றார் அம்மா.

அவர் என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "இந்த எடத்துலதாம்மா விழுந்தாரு. நான்தான் தூக்குனேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

அவர் காட்டிய தரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னை அடக்கவில்லை, தானும் அழுதார். அன்று இரவு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றதில்லை.

போன காரியம் முடிந்ததே, மறுநாளே திரும்பியிருக்கலாம். அம்மா திரும்பவில்லை. மெஸ் முதலாளியின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிட்டவர், மாடியில் இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் தந்தார். காசு கேட்காத இடமாகப் பார்த்துப் பார்த்துப் போனோம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் நகரும் படிக்கட்டில் மூன்று முறை ஏறி இறங்கினோம். காவலாளி முறைத்ததற்கு, "ஏறி எறங்குறதுக்கும் காசாய்யா?" என்று கேட்டார் அம்மா. கடைசியாகக் கடலுக்குப் போனோம். அலை அடித்து அம்மா இடுப்பு வரை நனைந்தார். மாற்றுச் சேலைதான் பஸ்ஸில் போய்விட்டதே, கட்டிய சேலையோடு மணலில் நின்று காய்ந்தார். உப்புப் பூத்த அந்தச் சேலையோடுதான் ஊரில் வந்து இறங்கினார். கடலில் ஆடிவிட்டு வந்திருக்கிறாள் என்று ஊருக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு "மெட்ராசுக்காரி" என்று பெயர். உங்களில் சிலர் வைத்த பெயர்தான். நிலத்தை வேறொருவரிடம் வாரத்துக்கு விடச் சொன்னார்கள், அம்மா தானே உழவு பிடித்துப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டார். பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டாவது போதும் என்றார்கள், என்னைச் செவிலியர் படிப்பில் சேர்த்தார். காதுகுத்திலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது குத்திக்காட்டினால் தலைகுனிந்தது கிடையாது. "ஆமா, போனேன். கடல் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்பார்.

சிறுநீரகம் பழுதாகி இரண்டு ஆண்டுகள் அம்மா பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அப்போது வீடு தேடி வந்து துணையிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும், அம்மாவைப் பெற்ற தாயைப்போல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், சென்னையிலிருந்து வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுத மெஸ் அத்தைக்கும் என் நன்றி என்றும் உண்டு. பெரியப்பாவுக்கும் நன்றி. அம்மாவின் கடைசிக் காரியங்களை முன்னின்று நடத்தியவர் அவர். இந்த மலரை அச்சடிக்கும் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இன்னொரு முறை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் படித்தார். "நான் சொன்ன பொய்யையும் எழுதிட்ட. சரி, இருக்கட்டும். பிள்ளையத் தேத்தத்தான் போனான்னு ஊரு தெரிஞ்சுக்கிறட்டும்" என்றார். பிறகு பேனாவை எடுத்து ஒரே ஒரு வரியை அடித்தார். "இது மட்டும் வேணாம்த்தா."

எனக்காக மட்டுமே போனார் என்று முடித்தால் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அது பாதி உண்மைதான். அம்மாவுக்கும் பார்க்க ஆசை இருந்தது. எட்டு வருஷம் காத்திருந்த ஆசை. அதனால் பெரியப்பா அடித்த வரியை அச்சகத்தில் நானே திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அந்த வரி இதுதான்.

அப்பா இறந்த நான்காம் மாதம், கடலுக்குள் இடுப்பளவு நனைந்து நின்றபடி, என் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.